களிமண்ணில் பிடித்த தெய்வம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய சிரியா, பாலஸ்தீனப் பகுதி மக்கள் கும்பிட்ட கானானியத் தெய்வங்களில் பாகால், அனாத், அஷேரா பற்றி எழுதியிருந்தீர்கள். மழைக்கும் போருக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஆள் இருக்கிறது. நோய் தீர்க்க ஒருத்தி இல்லையா? நெடுநாள் படுக்கையில் கிடந்த என் அம்மா இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். அதனால் கேட்கத் தோன்றியது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மா எழுந்துவிட்டார் என்பதே பெரிய செய்தி. மகிழ்ச்சி.

நீங்கள் கேட்டவள் இருக்கிறாள். பெயர் ஷாத்திகத். சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற மேட்டை 1929இல் தோண்டத் தொடங்கினார்கள். அடியில் இருந்தது உகாரித் நகரம். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் மூன்று, கிர்த்தா என்ற அரசனின் கதையைச் சொல்கின்றன. எழுதி ஏறத்தாழ 3200 ஆண்டுகள் இருக்கும்.

மணப்பெண் கிடைத்தால் வெள்ளியும் பொன்னும் தருவதாக அஷேராவிடம் நேர்ந்துகொண்ட கிர்த்தா, அதைச் செலுத்தவில்லை. அப்புறம் சாகக் கிடக்கிறான். தேவர்களின் தந்தை ஏல் சபையில் கேட்கிறார்: "இந்த நோயை விரட்ட உங்களில் யார் இருக்கிறீர்கள்?" ஏழு முறை கேட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, நானே செய்கிறேன் என்று களிமண்ணைக் கிள்ளி ஒரு பெண்ணைப் பிடிக்கிறார். அவள்தான் ஷாத்திகத். 'கடந்துபோகச் செய்பவள்' என்று பொருள். அத்தனை தெய்வங்கள் உட்கார்ந்திருந்த சபையில், உதவிக்கு ஒருத்தியைப் புதிதாகப் பிடிக்க வேண்டியிருந்தது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் என்னை உலுக்கிவிடும்.

அவள் ஊர்களுக்கு மேலே பறந்து, அழுகைச் சத்தம் கேட்கும் அரசன் வீட்டுக்குள் நுழைகிறாள். சாவுக்கு அங்கே மோத் என்று பெயர். மோத் நொறுங்கினான், ஷாத்திகத் வென்றாள் என்று பாட்டு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. அங்கே அவள் செய்வதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவன் உடம்பின் வியர்வையைக் கழுவிவிடுகிறாள். பிறகு சோற்றுக்காக அவனுடைய 'நப்ஷை'த் திறக்கிறாள். உகாரித் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தொண்டை என்றும் பொருள், உயிர் என்றும் பொருள். காய்ச்சல்காரர் பக்கத்தில் இராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். முதல் வாய்க் கஞ்சி உள்ளே இறங்கினால்தானே நமக்கே மூச்சு வரும்!

கிர்த்தா கண் விழித்ததும் மனைவி ஹுர்ரயாவைக் கூப்பிட்டு, ஆட்டுக்குட்டி அறுக்கச் சொல்கிறான். சாப்பிட வேண்டுமாம்.  எஞ்சிய வரிகளில் ஷாத்திகத் திரும்ப வருவதே இல்லை.

அம்மாவுக்கு இப்போது என்ன சாப்பிடப் பிடிக்கிறது? எழுதுங்கள்.