கேள்வி-பதில்: காகிதக் குவளையும் அதை எடுத்துத் தரும் பெட்டியும்

பேப்பர் கப், டிஷ்யூ, கைதுடைக்கும் தாள், அவற்றுக்கான சுவர்ப்பெட்டி ஆகியவை பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த முறை அவற்றுக்கு மட்டுமே இடம் தந்திருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கணவருக்கு வேலை போன பிறகு, நகைகளை அடகு வைத்து 4,60,000 ரூபாய்க்குப் பேப்பர் கப் இயந்திரம் வாங்கினேன். மூலப்பொருளைத் தாங்களே தருவதாகவும், செய்த கப்புகளைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் சில பெட்டிகளை எடுத்தார்கள். பிறகு தரம் இல்லை என்று திருப்பினார்கள். இப்போது போனை எடுப்பதே இல்லை. தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்கிறார்கள். உண்மையா? (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: உண்மையில்லை, அம்மா. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது சரிதான். ஆனால் சொந்த உழைப்பில், சுயதொழிலாக, வாழ்க்கைப்பாட்டுக்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தின் 2(7) பிரிவுக்கான விளக்கம் சொல்கிறது. உங்கள் நிலை அதற்குள் வருகிறது. நிறுவனம் வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். தொலைபேசியில் அவர்களைத் தேடித்தேடி அந்தக் காலத்தைக் கரைத்துவிடாதீர்கள். ஒப்பந்தம், பணம் போன வங்கிக் கணக்கு விவரம், அவர்கள் கொடுத்த விளம்பரம், வாட்ஸாப் செய்திகள் ஆகியவற்றின் பிரதியெடுத்து வையுங்கள். எந்தச் சோதனையில், எந்த அளவில் தரம் குறைந்தது என்று எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். இதே வாக்குறுதியில் வேறு பலரும் ஏமாந்திருந்தால், எல்லோரும் சேர்ந்து மாவட்டக் குற்றப்பிரிவிலும் புகார் கொடுங்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளைத் தயாரிப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2023இல் அந்தத் தடையை உறுதி செய்தது. உங்களுக்கு வந்த தாளின் உட்புறத்தில் பாலித்தீன் பூச்சு இருந்தால், அதை ஓட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். தடையுள்ள பொருளைச் செய்யும் இயந்திரத்தை, தடையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள் என்பதே உங்கள் மனுவில் முதலில் வர வேண்டிய வாதம். அடகு வைத்த நகையைக் காட்டி வாங்கிய பணத்தை இப்படி எடுத்துக்கொள்கிறவர்கள் மீது எனக்கு ஆத்திரம் வருகிறது. திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற வாக்குறுதியோடு யார் இயந்திரம் விற்க வந்தாலும், அந்த வாக்குறுதியை அடியோடு மறந்துவிட்டு, வெளிச்சந்தையில் விற்றால் மட்டும் கட்டுபடியாகுமா என்று மற்ற வாசகர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பேப்பர் கப்பில் காபியை ஊற்றி மைக்ரோவேவில் சுட வைக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கூடாது. கண்ணாடிக் குவளைக்கு மாற்றிச் சுட வையுங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனைக்குக் கைதுடைக்கும் தாள் பெட்டிகளை ஒரு நிறுவனம் இலவசமாக மாட்டிக் கொடுத்தது. அவர்கள் தாளின் விலையை ஏற்றிவிட்டதால் வேறு தாள் வாங்கிப் போட்டோம். ஒன்றை இழுத்தால் பத்து வருகிறது. சில நேரம் எதுவுமே வருவதில்லை. பெட்டி கெட்டுவிட்டதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பெட்டி கெடவில்லை. அந்தத் தாளுக்காக மட்டுமே அமைந்த பெட்டி அது. இலவசமாக வந்ததற்கும் அதுவே காரணம்.

இந்த வியாபாரத்தில் எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறையை நீங்கள் தொட்டுவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களில் பெரும்பாலானவை, அவற்றை எடுத்துத் தரும் கருவியோடு சேர்த்தே உருவாக்கப்படுபவை. காகிதக் குவளையின் கதையே அதற்குச் சான்று. அமெரிக்காவில் ரயில் நிலையங்களிலும் பள்ளிகளிலும் எல்லோரும் ஒரே தகரக் குவளையில் தண்ணீர் குடித்துவந்த காலத்தில், பாஸ்டன் நகர வழக்கறிஞர் லாரன்ஸ் லூயெலன் 1907இல் காகிதக் குவளையைக் கொண்டுவந்தார். அவரும் அவருடைய தொழில் பங்காளி ஹியூ மூரும் முதலில் விற்றது குவளையை அல்ல. ஒரு சென்ட் நாணயம் போட்டால் குளிர்ந்த நீரைக் காகிதக் குவளையில் தரும் இயந்திரத்தை. பொதுக் குவளையால் காசநோய் பரவும் என்ற அச்சத்தில் கன்சாஸ் மாநிலம் 1909இல் அதைத் தடை செய்தபோது குவளைக்கே தனிச்சந்தை பிறந்தது. 1919இல் அதற்கு டிக்ஸி என்ற பெயர் வந்தது. இன்றும் ஒரு கப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடி குறுகி வாய் அகன்றிருப்பதால்தான் ஒன்றுக்குள் ஒன்று அடுக்க முடிகிறது. விளிம்பைச் சுருட்டியிருப்பது உதட்டுக்கு இதமாக இருப்பதற்காகவும் கப் விறைப்பாக நிற்பதற்காகவும் மட்டுமல்ல. குடிநீர்க் கருவியின் பக்கத்தில் தொங்கும் குழாய் வடிவப் பெட்டியில், அடுக்கு முழுவதும் கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் அந்த விளிம்புதான். விளிம்பின் விட்டம் சற்றே குறைந்தாலும் அடுக்கு மொத்தமாகச் சரியும், கூடினால் சிக்கிக்கொள்ளும்.

தாளிலும் இதே விதிதான். ஒரு தாளின் ஓரத்தை அடுத்த தாளின் மடிப்புக்குள் நுழைத்து அடுக்கியிருந்தால், வெளியே வரும் தாள் அடுத்ததன் நுனியை வெளியே இழுத்து வைத்துவிட்டுப் போகும். 1920களின் இறுதியில் க்ளீனெக்ஸ் டிஷ்யூப் பெட்டி இந்த முறையில்தான் வந்தது. ஆங்கில சி எழுத்து வடிவில் மடித்த தாள்களுக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா கிடக்கும். பிணைத்து மடித்த தாளுக்கென வெட்டிய வாயுள்ள பெட்டியில் அதைப் போட்டால், உங்களுக்கு நடப்பதுதான் நடக்கும். ஆகவே இப்போதுள்ள தாளின் மடிப்பு வகை, மடித்த நிலையில் அதன் அகலம், பெட்டி வாயின் நீள அகலம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொண்டு, அதே அளவில் தாள் தருகிறவர்களிடம் மாதிரி கேளுங்கள். சந்தையில் கிடைக்கும்.

மடிப்பு வேறுபாட்டையாவது அளந்து சமாளிக்கலாம். உருளைத்தாள் பெட்டிகளில் நடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. நடுக்குழலின் விட்டத்தை வேண்டுமென்றே மாற்றி, அச்சில் ஒரு தனி வடிவ முனையையும் வைத்து, வேறு எந்த உருளையும் நுழையாதபடி செய்கிறார்கள். அதனால் தாளை இழுப்பவருக்கு எந்த நன்மையும் இல்லை. என் அலுவலகத்துக்காக நான் வாங்கிய அப்படிப்பட்ட பெட்டிக்கு, விற்ற நிறுவனம் அந்த அளவு உருளையையே பின்னாளில் நிறுத்திவிட்டது. நல்ல எஃகுப் பெட்டி இன்று ஆணியில் வெறுமனே தொங்குகிறது. பெட்டி இலவசம் என்று யார் சொன்னாலும், வேறு நிறுவனத்தின் தாள் இதில் பொருந்துமா, பொருந்தாவிட்டால் தாளின் விலையை எத்தனை ஆண்டுக்கு ஏற்றமாட்டீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் காசு கொடுத்துப் பொதுப் பெட்டி வாங்குவதே மலிவு. மருத்துவமனையில் ஈரக்கையோடு ஒருவர் தாள் வராமல் நிற்பது சுகாதாரக் கேடும்கூட.

கேள்வி: மகள் திருமணத்துக்கு இணையத்தில் 3,000 கப் வாங்கினேன். பாயசத்துக்குப் போதாத அளவுக்குச் சின்னதாக இருந்தன. விவரத்தில் 65 மி.லி. என்று போட்டிருந்ததை அப்போது கவனிக்கவில்லை. நஷ்டஈடு கேட்க முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: முடியாது. 65 மி.லி. என்று எழுதி, 65 மி.லி. கப்பையே அனுப்பியிருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு வாங்கும் பொருளின் விவரத்தைப் படிக்க ஒரு நிமிடம் ஒதுக்காமல், பிறகு விற்றவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. மற்றவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: கப்பின் மேல் போடும் மி.லி. பெரும்பாலும் விளிம்பு வரை நிரப்பினால் கொள்ளும் அளவு. கையில் பிடித்துக் குடிக்க வேண்டுமென்றால் அதைவிடக் குறைவாகத்தான் ஊற்ற முடியும்.

கேள்வி: டிஷ்யூப் பெட்டியில் 200 என்று பெரிதாகப் போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் 100 முறைதான் எடுக்க வருகிறது. பெரிய நிறுவனமே இப்படிச் செய்யலாமா? (வாசகி, சேலம்)

பதில்: பெட்டியை இன்னொரு முறை பாருங்கள். இரண்டடுக்கு என்றும், 100 முறை எடுக்கலாம் என்றும் எங்கேயாவது சிறிய எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு முறையும் கைக்கு வருவது ஒட்டிய இரண்டு தாள்கள் என்பதால் கணக்கு 200 ஆகிவிடுகிறது. சட்டத்துக்குள் நின்றுகொண்டே வாங்குகிறவரைத் திசைதிருப்பும் வழக்கம் இது. எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது, எத்தனை முறை எடுக்கலாம், தாளின் நீள அகலம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் பாருங்கள். விலை அப்படியே இருக்க, தாளின் அகலம் சத்தமில்லாமல் குறைவதும் உண்டு. பெட்டியில் எழுதிய எண்ணிக்கையே குறைந்தால் விஷயம் வேறு. அப்போது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கோ புகார் செய்யுங்கள்.

கேள்வி: ஒரே தாளில் வெட்டி, கைப்பிடி மடங்கி வெளியே வரும்படியாக ஒரு கப்பை வடிவமைத்திருக்கிறேன். 75,000 ரூபாய் கொடுத்தால் உலகம் முழுவதற்கும் செல்லும் பேடன்ட் (காப்புரிமை) வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கட்டலாமா? (பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

பதில்: கட்டாதீர்கள், தம்பி. உலகம் முழுவதற்குமான பேடன்ட் என்று ஒன்று கிடையாது. பல நாடுகளைக் குறிப்பிட்டு ஒரே சர்வதேச விண்ணப்பம் போடலாம்; ஆனால் உரிமையை அந்தந்த நாட்டு அல்லது வட்டார அலுவலகமே பரிசீலித்துத் தரும். முதலில் நீங்களே தேடிப் பாருங்கள். மடங்கும் கைப்பிடியுள்ள காகிதக் கப்புகள் பல ஏற்கெனவே வந்திருக்கின்றன; பழைய பேடன்ட் ஆவணங்களை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். உங்களுடையதில் புதியது மடிப்பின் செயல்பாடா, தோற்றம் மட்டுமா என்று பிரித்துப் பாருங்கள். செயல்பாடு புதிது என்றால் பேடன்ட், 20 ஆண்டு. தோற்றம்தான் புதிது என்றால் வடிவமைப்புப் பதிவு, 10 ஆண்டும் நீட்டிப்பாக 5 ஆண்டும். இந்தியாவில் தனிநபர் இணையவழி பேடன்ட் விண்ணப்பம் போட அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். தற்காலிக விவரக்குறிப்பை முதலில் போட்டுவிட்டு, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தரலாம். பரிசீலனைக்கும் உதவியாளருக்கும் தனியே செலவாகும் என்பது உண்மை. ஆனால் உதவியாளர் பதிவு பெற்ற பேடன்ட் முகவரா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். சென்னை கிண்டியில் பேடன்ட் அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் கல்லூரிக் கண்காட்சியிலோ வீடியோவிலோ அந்தக் கப்பைக் காட்டிவிடாதீர்கள். வெளியே தெரிந்த பிறகு புதுமை என்று கோருவது கடினம். கப் செய்யும் இயந்திரம் தட்டையான தாளைச் சுற்றி ஒட்டி, அடித்தட்டைப் பொருத்தி, விளிம்பைச் சுருட்டுவது. உங்கள் கைப்பிடி அந்த ஓட்டத்தில் சிக்காமல் போகுமா, கப்புகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்குமா என்று ஒரு சிறு தொழிற்கூடத்தில் காட்டிக் கேளுங்கள். அடுக்க முடியாத கப்பைப் பெட்டியில் அனுப்பவே செலவு தாங்காது.

கேள்வி: பெங்களூரில் டீக்கடை வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய கப்புகளின் அடி கசிகிறது. டீ அதிகச் சூடாக இருக்கிறது என்கிறார் மொத்த வியாபாரி. (வாசகர், பெங்களூரு)

பதில்: டீ சூடாகத்தான் இருக்கும். டீ கப் என்று விற்றவர் அந்தச் சூட்டைத் தாங்கும் கப்பைத்தான் தர வேண்டும். அடித்தட்டை ஒட்டும்போது வெப்பமோ அழுத்தமோ போதாவிட்டால் அங்கே கசியும். பக்கத்து ஒட்டு சரியில்லாவிட்டால் வெட்டிய ஓரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். வெவ்வேறு கட்டுகளிலிருந்து பத்து கப் எடுத்து, சூடான டீ ஊற்றி, செய்தித்தாளின் மேல் அரை மணி நேரம் வைத்துப் படம் பிடித்து அனுப்பி, சரக்கை மாற்றச் சொல்லுங்கள். இனி மாதிரியைச் சோதிக்காமல் முழுச் சரக்குக்குப் பணம் தராதீர்கள். அதோடு, 85 முதல் 90 டிகிரிச் சூட்டில் 100 மி.லி. நீர் 15 நிமிடம் பேப்பர் கப்பில் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலப்பதாகக் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டிருக்கிறார்கள். கடையிலேயே நின்று குடிப்பவர்களுக்குக் கண்ணாடி கிளாஸில் கொடுப்பதை யோசியுங்கள்.

கேள்வி: நூறு சதவீதம் மக்கும் என்று போட்ட குளிர்பானக் கப்பை மாடித்தோட்டத் தொட்டியில் புதைத்தேன். மாதங்கள் ஆகியும் அப்படியே இருக்கிறது. (வாசகி, சென்னை)

பதில்: சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வகையாக இருக்கலாம். அது மக்க 58 டிகிரி அளவுச் சூட்டைத் தொடர்ந்து காக்கும் உரக்கூடம் வேண்டும். வீட்டுத் தொட்டியில் நடக்காது. அந்த நிபந்தனையைச் சொல்லாமல் மக்கும் என்று மட்டும் அச்சிடுவது வாங்குகிறவரை ஏமாற்றுவதே. சுற்றுச்சூழல் பற்றிய தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணைக் கேட்டு விற்றவருக்கு எழுதுங்கள். எண் வராவிட்டால், கப்பையும் அது வந்த உறையையும் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து 1915க்குப் புகார் அனுப்புங்கள்.