அடுத்த போகத்துக்கு அப்பால்: கேள்வி பதில்

கிராமிய வங்கியொன்றின் கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த இந்தக் கேள்விகள் வேறு வேறு சொற்களில் ஒன்றையே கேட்கின்றன: இன்றைய பாடே பெரும்பாடாக இருக்கும்போது பத்து, இருபது வருடம் தள்ளி எப்படி யோசிப்பது? தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

நாவலடியிலிருந்து ஒருவர்: ஐயா, 1978 சூறாவளியில் அப்பாவின் தென்னந்தோட்டம் ஒரே இரவில் சாய்ந்தது. 1990இல் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தோம். 2004இல் வீட்டின் அத்திவாரம்தான் மிஞ்சியது. தூரநோக்கு என்பது எதையும் இழக்காதவர்களின் பேச்சு என்றே எனக்குப் படுகிறது. தவறா?

தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எல்லாம் போனது என்று நாம் சொல்லும்போது, ஒரே இடத்தில் வைத்திருந்த எல்லாம் போனது என்பதே பெரும்பாலும் உண்மை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கிளைக்கு ஒரு பெண் வந்தார். கையில் உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த பாஸ் புத்தகம்; தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மை கரைந்து, கணக்கு இலக்கமே தெரியவில்லை. பேரேட்டில் பெயரையும் கையெழுத்தையும் வைத்துத் தேடி எடுத்தோம். பெரிய தொகை இல்லை, ஒரு தையல் இயந்திரம் வாங்கும் அளவுதான். அலுமாரியில் இருந்த நகை கடலோடு போய்விட்டது. சிறுகச் சிறுக ஊருக்கு வெளியே போட்டு வைத்த காசு இருந்தது. அவரிடம் தையல் தொழிலும் இருந்தது.

எனவே நம் பகுதிக்கான தூரநோக்கு, இருபது வருடத்தில் என்ன நடக்கும் என்று ஊகிப்பதல்ல. எந்த ஓர் அடியும் எல்லாவற்றையும் கொண்டுபோகாதபடி பிரித்து வைப்பது. காணி உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்துக்குப் போய், பின்னுரித்தாளியின், அதாவது உங்களுக்குப் பின் காணி யாருக்குச் சேருமோ அவரின், பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதியாமல் தகப்பன் கண்ணை மூடினால், பிள்ளைகள் வருடக்கணக்கில் முகம் பாராமல் இருக்கும் வழக்குகள் எத்தனையோ. பிரதிகளில் ஒரு கட்டு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலோ வேறெங்கோ இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் இருக்கட்டும். ஒரு பிற்பகல் வேலை இது. உங்களைப் போல் மூன்று முறை இழந்தவர் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

வெல்லாவெளியிலிருந்து ஒரு தாய்: கிழமைக் கடன் இரண்டு, ஐந்து வட்டிக்கு வாங்கிய ஒரு இலட்சம், அதோடு ஒரு சீட்டும் கட்டுகிறேன். சேமிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கிருந்து சேமிப்பது?

மகள், இப்போது சேமிக்க வேண்டாம். வங்கியில் வேலை செய்தவன் இப்படிச் சொல்வது வியப்பாக இருக்கலாம், கணக்கைப் பாருங்கள். ஐந்து வட்டி என்றால் மாதம் 5,000 ரூபாய், வருடத்துக்கு 60,000. இவ்வளவும் கட்டிய பிறகும் முதல் ஒரு இலட்சம் அப்படியே நிற்கும். இருபது மாதத்தில் வட்டியே இன்னொரு இலட்சம் ஆகிவிடும். எந்தச் சேமிப்புக் கணக்கும் இந்த வேகத்தில் ஓடாது. உங்களுக்கு இந்தக் கடனை அடைப்பதே சேமிப்பு.

சீட்டுப் பணம் கைக்கு வரும் மாதத்தில் அது முழுவதும் ஐந்து வட்டிக்காரரிடம் முதலாகப் போகட்டும். எழுதி, கையெழுத்து வாங்குங்கள். கிழமைக் கடன்களை ஒவ்வொன்றாக முடியுங்கள்; ஒன்றை அடைக்க இன்னொன்றை எடுக்கவே வேண்டாம். உங்கள் கிராமத்து மகளிர் சங்கத்திலோ கூட்டுறவிலோ குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தால், அதை எடுத்து இந்த ஒரு இலட்சத்தை முடிப்பது மட்டும் விதிவிலக்கு. கடைசித் தவணை முடிந்த கிழமைக்கு அடுத்த கிழமை, அதே தொகையை உங்கள் பெயரிலேயே போடத் தொடங்குங்கள். கட்டிப் பழகிய கை அது, நிறுத்தாதீர்கள்.

கல்முனையில் ஒரு கடையில் வேலை செய்யும் இளைஞர்: வயது 24, சம்பளம் 50,000. ஊழியர் சேமலாப நிதியில் பதியாமல் விட்டால் மாதம் 3,000 கூடுதலாகக் கையில் தருவதாக முதலாளி சொல்கிறார். கிடைக்கிற காசை இப்போதே வாங்குவது நல்லதுதானே, சேர்?

இல்லை, தம்பி. உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், அதாவது 4,000 ரூபாய் கழியும். அதோடு முதலாளி தன் காசில் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அவர் பங்கு மட்டும் 7,500 ரூபாய். அதில் 3,000ஐ உங்களுக்குக் கொடுத்துவிட்டு 4,500ஐத் தன்னிடமே வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார். இது சட்டத்துக்கும் மாறானது. நீங்களே சம்மதித்துக் கையெழுத்திட்டாலும் செல்லாது. கடையில் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகவும் உண்டு. பதிவே இல்லாதவர் எதை வைத்து அதைக் கேட்பார்?

சேமலாப நிதிக்கு மட்டும் மாதம் 10,000. ஆண்களுக்கு 55 வயதில் கிடைக்கும். வட்டியே இல்லையென்று வைத்தாலும் 31 வருடத்தில் 37 இலட்சத்து 20,000 ரூபாய்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பரில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட 70 வீதம் அளவுக்கு ஏறியிருந்தது. அந்த வருடம் சேமலாப நிதிக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். காசாகக் கிடந்தது கரைந்தது. ஆகவே இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதற்காக இதை விடவும் வேண்டாம். கையில் வரும் மேலதிகக் காசைத் தொழில் பழகுவதில் போடுங்கள். பதிந்த பிறகு அங்கத்துவ இலக்கத்தை வாங்கி, உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் 55 வயதில் அலைவது நீங்கள்தான்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தகப்பன்: மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து, வயலை ஈடு வைத்து இரண்டாமவளுக்கு வீடு கட்ட நினைக்கிறேன். மூன்றாமவளுக்கு வயது 15.

நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். தன் பெயரில் வீடு உள்ள பெண்ணை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. எனக்குக் கவலை உங்கள் வயலைப் பற்றி. வீடு சோறு போடாது, வயல் போடும். அதை ஈட்டில் வைத்தால் கடனைக் கட்டும் வழியையே ஈடு வைத்ததாக முடியும். ஒரு போகம் வெள்ளத்தில் போனால் என்ன செய்வீர்கள்?

வளவு பெரிதென்றால் அதையே மூன்றாகப் பிரிக்க முடியுமா என்று நில அளவையாளரைக் கொண்டு பாருங்கள். இரண்டாமவளுக்கு முழு வீடு இப்போதே தேவையில்லை. இரண்டு அறையும் குசினியும் போட்டு, பிறகு கூட்டக்கூடிய விதமாக அத்திவாரம் வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை நேராகச் சொல்லுங்கள். சீமெந்து வேலை முடிந்தால்தான் சம்பந்தம் என்று நிற்பவர்களைப் பற்றி, அந்தச் சம்பந்தத்துக்கு முன்னமே யோசிப்பது நல்லது.

மூத்தவளுக்கு எழுதும் நன்கொடை உறுதியில் உங்களுக்கும் மனைவிக்கும் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும் வரை அங்கே இருக்கும் உரிமை, வைத்து எழுதும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். மகளை நம்பாததால் அல்ல. மகளும் மருமகனும் நாளை அந்த வீட்டின் மேல் கடன் எடுக்க நேர்ந்தாலும் உங்கள் இருப்பிடம் உங்களுடையதாக இருக்கும். எழுதிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

மூன்றாமவளின் படிப்புச் செலவை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அக்காமார் இருவருக்கும் கொடுத்த வீட்டின் பெறுமதிக்கு அவளின் படிப்பு ஈடாகலாம்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு விவசாயி: வைக்கோலை எரிக்காதே, மண் கெடும் என்கிறார்கள். நான் செய்வது ஒரு வருடக் குத்தகைக் காணி. அடுத்த வருடம் வேறொருவர் விதைப்பார். நான் ஏன் மண்ணைப் பார்க்க வேண்டும்?

எனக்கு வந்த கேள்விகளில் மிக நேர்மையானது இது. ஒரு வருடத்துக்கு மட்டும் உரிமை உள்ளவரிடம் பத்து வருடப் பொறுப்பைக் கேட்பது நியாயமில்லை.

ஆகவே முதலில் மாற வேண்டியது குத்தகை. காணிச் சொந்தக்காரரான போடியாரிடம் நான்கு, ஐந்து வருடத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு வைக்கோலை எரிக்காமல் வயலில் பரப்பி உழுவதாகவும் வரம்பையும் வாய்க்காலையும் பேணுவதாகவும் சொல்லுங்கள். அவருக்கும் இலாபம்தான். ஒரு தொன் வைக்கோலில் ஏறக்குறைய 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் 5 முதல் 8 கிலோ நைதரசனும் இருக்கின்றன. எரித்தால் அந்த நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போகும். பசளை மூடை விற்கும் விலையில் காசைக் கொளுத்துவது போன்ற வேலை அது. உழவுக்குக் குறைந்தது இரண்டு, மூன்று கிழமை முன்னே பரப்பி விடுங்கள். உக்காத வைக்கோல் மேல் விதைத்தால் பயிர் தொடக்கத்தில் மஞ்சளிக்கும்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தி, அதே வருடம் நவம்பரில் தடையை நீக்கினார்கள். இடையில் பட்ட பாடு நம் வயல் வட்டைகளுக்குத் தெரியும். மண்ணைத் திருத்துவது பல வருட வேலை. ஒரு போகத்தில் செய்து முடிப்பேன் என்று புறப்படுபவர், இலக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தூரநோக்கு உள்ளவர் அல்ல.

திருக்கோவிலிலிருந்து 66 வயதான ஒருவர்: இந்த வயதில் தென்னை நட்டு என்ன பயன்?

நடுங்கள். நெட்டை இனம் காய்க்க ஆறு, ஏழு வருடம் எடுக்கும். ஆனால் அறுபது வருடம் வரை நின்று பலன் தரும். குட்டை இனம் மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும், ஆயுள் குறைவு. 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 கன்று. ஓலை விரிந்து மூடும் வரை இடையில் வாழையும் நிலக்கடலையும் போட்டால் அந்த வருமானம் உங்களுடையது.

மட்டக்களப்புக்கு 1814இல் வந்த வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் அந்த வருடமே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில் இறந்துவிட்டார். ஒரு வருடம்கூட முழுதாக நடத்தவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது. ஐயா, உங்களுக்கு அவரைவிடக் காலம் இருக்கிறது.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்: மகன் உயர்தரம் இரண்டு முறை எழுதிவிட்டான். மூன்றாம் முறையும் எழுத விடுவதா, தொழிற்பயிற்சிக்கு அனுப்புவதா?

இரண்டு பெறுபேற்றுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி நன்றாக ஏறியிருந்தால், கடைசித் தடவையையும் எழுதட்டும். அசையவே இல்லையென்றால் இன்னொரு வருட ரியூசன் காசு அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும்.

தொழிற்பயிற்சி என்றால் படிப்பு முடிந்தது என்று ஊர் பேசும், அது தவறு. தேசிய தொழிற்தகைமையில் ஏழு படிகள் உண்டு. நான்காம் படியோடு வேலைக்குப் போகலாம்; அதற்கு மேல் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். 35 வயதில் இவன் என்ன வேலை செய்துகொண்டிருப்பான் என்று வீட்டில் எல்லோரும் இருந்து பேசுங்கள். அயலவர் கேட்கும் கேள்வி அடுத்த பெறுபேறு வரும் வரைக்கும்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: சீனி வருத்தம். உடம்புக்கு ஒன்றும் செய்வதில்லை. கிளினிக் போவது வீண் அலைச்சலாக இருக்கிறது.

நான் வைத்தியர் இல்லை. ஆனால் கால் எடுத்த பிறகு கடன் கேட்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் செய்யாத இந்தக் காலம்தான் காப்பாற்றக்கூடிய காலம். இரத்தத்தில் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. சோதனையைப் பற்றியும் வருடாந்தக் கண் சோதனையைப் பற்றியும் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். கட்டாயம் போங்கள்.

ஏறாவூரிலிருந்து ஒரு தங்கை: கணவர் கட்டாரில். அனுப்புவது எல்லாம் மேல்மாடிக்குப் போகிறது.

மாடியை நிறுத்துங்கள். அவர் திரும்பி வரும் முதல் மாதம் வீட்டில் என்ன வருமானம் இருக்கும் என்ற கேள்விக்கு அந்த மாடி பதில் சொல்லாது. கட்டார் தொழிற்சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்குச் சேவை முடிவில் வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் சேரும். ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வட்டி வேண்டாமென்றால் இலாபப் பங்கீட்டுக் கணக்குகள் ஊரிலேயே இருக்கின்றன. அனுப்பும் காசில் முதலில் ஒரு பங்கு அங்கே போகட்டும், மிச்சத்தில் குடும்பம் நடக்கட்டும்.

மண்முனைப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர்: வாவியில் குஞ்சு மீனைப் பிடிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நான் விட்டால் அடுத்த தோணிக்காரர் அள்ளுகிறார். நான் மட்டும் பட்டினி கிடப்பதா?

வேண்டாம். சேமிப்பில் ஒருவர் தனியாகத் தூரநோக்கோடு இருக்கலாம், வாவியில் முடியாது. இது சங்கம் கூடிச் செய்ய வேண்டியது. வலைக்கண்ணின் அளவு, கண்டல் வேர்களைச் சுற்றி வலை போடாத பகுதி, மீறியவருக்கு என்ன தண்டம் என்ற மூன்றையும் உங்கள் மீனவர் சங்கம் தீர்மானமாக எடுக்கட்டும். இறால் குஞ்சும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்வது அந்த வேர்களுக்குள்தான். எதிர்க்கரைச் சங்கத்தையும் கூப்பிடுங்கள்; இல்லாவிட்டால் உங்கள் விதி வாவியின் நடுவோடு நின்றுவிடும். கடற்றொழில் பரிசோதகரைக் கூட்டத்துக்கு அழைத்தால் தீர்மானத்துக்குப் பலம் வரும்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் பிரேரணையை எழுதிக்கொண்டு போங்கள். எழுதுவதில் சிரமம் இருந்தால் விபரங்களை அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.