காதை மாற்றியது ஏன்?

கேள்வி: வயது 46. விற்பனை வேலை, நாளெல்லாம் செல்போன்தான். தலைக்குள் கதிர்வீச்சு சிவப்பாகப் பரவும் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. பேசினால் காது சுடுகிறது. வலது காதில் இரைச்சல். குரல் தெளிவாக இல்லாததால் இரண்டு மாதமாக இடது காதில்தான் பேசுகிறேன். பூண்டு எண்ணெய் விடுகிறேன். போனில் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டேன். மூளைக் கட்டியாக இருக்குமோ?

பதில்: போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியம். வலதில் சரியாகக் கேட்கவில்லை என்று காதையே மாற்றிவிட்டு, படத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள்! இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்பது குறைந்து, இரைச்சலும் சேர்ந்தால் காரணம் தெரிந்தே ஆக வேண்டும். அழுக்கு அடைத்திருக்கலாம், நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். விளக்கடித்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஆடியோகிராம், அதாவது ஒவ்வொரு காதும் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை. அதில் இரண்டு காதுக்கும் வித்தியாசம் வந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். கேட்கும் நரம்பை ஒட்டி அபூர்வமாக வரும் கட்டி ஒன்று உண்டு, அதற்காகத்தான். அது புற்றுநோய் அல்ல, மெதுவாக வளர்வது. சிறிதாக இருந்தால் பலருக்கும் கண்காணித்தாலே போதும். இதுவே திடீரென்று ஒரே நாளில் காது மங்கியிருந்தால் கடிதம் எழுத நேரமில்லை. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும்.

பூண்டு எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டா அதைச் சொன்னார்கள்?

சரி, அந்தப் படம். தலையைச் சில மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தோல், எலும்பு, மூளை என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் மின்தன்மையைக் கொடுத்து, எதில் எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்று போட்ட கணக்கு அது. சிவப்பு என்றால் வெந்துபோன இடம் அல்ல. மற்ற இடங்களைவிட அங்கே கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அளவுகோலை மாற்றினால் அதே தலை நீலமாகிவிடும். போன் முழு சக்தியில் இயங்குவதாக வைத்துப் பார்த்தாலும் மூளையின் சூடு ஏறுவது சுமார் 0.1 டிகிரிதான். சாதாரணக் காய்ச்சலே அதைவிடப் பல மடங்கு ஏற்றும். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை' பட்டியலில் இந்தக் கதிர்வீச்சைச் சேர்த்தது உண்மை; கற்றாழையின் முழு இலைச் சாறும் பிறகு அதே வரிசைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்து 2024இல் வெளியான ஆய்வுத் தொகுப்பில் செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை.

காது சுடுவது பேட்டரி சூட்டாலும், காற்றுப் படாமல் போனை அழுத்திப் பிடிப்பதாலும். ஸ்டிக்கரைப் பிய்த்துப் போடுங்கள். அது நிஜமாகவே அலையைத் தடுத்தால், டவரை எட்டப் போன் இன்னும் அதிக சக்தியைத்தான் செலவழிக்கும்.

அப்புறம், பயத்தில் நீங்களாகவே தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் காதைக் காட்டுங்கள்.