இமாச்சலப் பிரதேசம்: மலையும் மக்களும் பிழைப்பும் – கேள்வி பதில்

கேள்வி: சார், இமாச்சல் முழுக்கப் பனிதானா?

இல்லை. ஊனா, பிலாஸ்பூர் பக்கம் மே, ஜூனில் போனால் 40 டிகிரி வெயில் கொளுத்தும். கோதுமையும் மக்காச்சோளமும் மாம்பழமும் விளைகிற பூமி அது. அங்கிருந்து ஏறிக்கொண்டே போனால் 6,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். தவுலாதார் மலைத்தொடர் மேகத்தை மறிப்பதால் தர்மசாலாவில் வருஷத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டுகிறது. மலைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்பிதியோ குளிர் பாலைவனம். பரப்பில் பெரிய மாவட்டம் லாஹௌல்-ஸ்பிதி. 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 31,564 பேர்தான். காங்ரா மாவட்டத்திலோ 15 லட்சம் பேர். எந்த உயரத்தில் வீடு இருக்கிறது என்று தெரிந்தால் அவர் என்ன பயிர் செய்கிறார் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேள்வி: சிம்லா ஆப்பிள் அங்கே எப்போதும் இருந்ததா?

குல்லுவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர்கள் நட்டிருந்தார்கள். ஆனால் அவை புளிப்பு ரகங்கள். தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய 1904-இல் வந்த அமெரிக்க இளைஞர் சாமுவேல் ஸ்டோக்ஸ், கோட்கட்டில் குடியேறி, உள்ளூர்ப் பெண்ணை மணந்து, 1916-இல் அமெரிக்காவிலிருந்து இனிப்பான ரெட் டெலிஷியஸ் கன்றுகளைத் தருவித்தார். பிற்பாடு விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார், இந்து மதம் தழுவி சத்யானந்த் ஆனார். வெளியிலிருந்து வந்து ஒரு ஊரின் பிழைப்பையே மாற்றியவர்களில் இவரளவு அந்த மண்ணோடு கலந்துபோனவர் குறைவு.

இன்று சிம்லா, குல்லு, கின்னௌர் மாவட்டங்கள் ஆப்பிளை நம்பி நிற்கின்றன. பெரும்பாலும் சிறு விவசாயிகள். பழம் பறிக்கவும் பெட்டி சுமக்கவும் நேபாளத் தொழிலாளர்கள் வருகிறார்கள். அந்த ரகத்துக்குக் குளிர்காலத்தில் நீண்ட குளிர் வேண்டும். அது குறையக் குறையத் தோட்டங்கள் மேலே நகர்கின்றன, தாழ்ந்த இடங்களில் மாதுளை வந்துவிட்டது. அறுவடையும் மழைக்காலமும் ஒன்றாக வருவது இன்னொரு சங்கடம். 2023-இல் மழை சாலைகளை அடித்துக்கொண்டு போனபோது, பறித்த பழத்தை மண்டிக்கு அனுப்ப வழியில்லாமல் தவித்தார்கள்.

கேள்வி: அண்ணா, மாத்திரை அட்டைகளில் ‘பத்தி, சோலன் மாவட்டம்’ என்று பார்க்கிறேன். மலையில் மருந்தா?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பத்தி, நாலாகட் எல்லாம் பஞ்சாப், ஹரியானாவை ஒட்டிய அடிவாரம். 2003-இல் மத்திய அரசு வரிச்சலுகை தந்ததும் மருந்துக் கம்பெனிகள் அங்கே குவிந்தன.

கேள்வி: கத்தி (Gaddi) என்ற இடையர் சமூகத்தினர் இன்னும் மலை கடக்கிறார்களா?

கடக்கிறார்கள். சம்பா மாவட்டத்தின் பர்மௌர்தான் அவர்கள் தாய்மண். கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய்களைத் தாண்டி லாஹௌல் மேய்ச்சல் நிலம் வரை போவார்கள். குளிர் தொடங்கியதும் காங்ரா பக்கத் தாழ்வான காடுகளுக்கு இறங்குவார்கள். கம்பளி அங்கி, இடுப்பில் பல சுற்றுச் சுற்றிய கறுப்புக் கம்பளிக் கயிறு, கூடவே காவல் நாய். சம்பாவில் எருமை மேய்க்கும் முஸ்லிம் குஜ்ஜர்களும் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிறவர்களே. அணை, வேலி, காடு வளர்ப்புத் திட்டம் என்று வழிகள் அடைபடுவது இவர்களைத்தான் முதலில் தாக்குகிறது. படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: நீர்மின்சாரத்தால் லாபம் யாருக்கு ஐயா?

மாநிலத்துக்கு வருமானம் உண்டு. பெரிய திட்டங்களிலிருந்து பொதுவாக 12 சதவீத மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. சத்லஜ் ஆற்றின் நாத்பா ஜாக்ரி நிலையம் மட்டும் 1,500 மெகாவாட். விலை கொடுத்தவர்கள் வேறு. பக்ரா அணையில் பழைய பிலாஸ்பூர் நகரமே மூழ்கியது. பியாஸ் ஆற்றின் போங் அணையால் நிலம் இழந்த காங்ரா விவசாயிகளுக்கு ராஜஸ்தானில் நிலம் ஒதுக்கினார்கள். மலைக்காரரைப் பாலைவனத்துக்கு அனுப்பியதை நியாயமான மறுவாழ்வு என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிலச்சரிவுகளைப் பார்த்த கின்னௌர் இளைஞர்கள் புதிய திட்டங்களை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: நான் அங்கே ஒரு தோட்டம் வாங்கலாமா?

அவ்வளவு எளிதல்ல. 1972-ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின் 118-ஆம் பிரிவுப்படி, இமாச்சல் விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க அரசு அனுமதி வேண்டும். சிறு விவசாயி கையில் நிலம் தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அடல் சுரங்கப்பாதையால் லாஹௌலுக்கு நல்லதா கெட்டதா?

நல்லதுதான் அதிகம். முன்பு ரோதங் கணவாய் பனியில் மூடினால் பல மாதங்கள் ஹெலிகாப்டர்தான் கதி. அதற்கு அடியில் 2020 அக்டோபரில் திறந்த 9 கி.மீ. சுரங்கப்பாதையால் இப்போது குளிர்காலத்திலும் நோயாளி குல்லு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடிகிறது, பட்டாணியும் காலிஃபிளவரும் வாடாமல் சந்தைக்குப் போகின்றன. கூடவே வண்டிக்கூட்டமும் குப்பையும் வந்துவிட்டன. அங்கே வயலுக்கும் வீட்டுக்கும் பனி உருகிவரும் தண்ணீர்தான் ஆதாரம். போகிறவர்கள் ஓடைக்கரையில் வண்டி கழுவாதீர்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். தங்குவதானால் கிராமத்து வீடுகளில் தங்குங்கள், அந்தப் பணம் நேராக அவர்கள் கைக்குப் போகும்.