பச்சிளம் குழந்தையின் ஈசிஜியில் ‘அசாதாரணம்’ என்று வந்தால்?

கேள்வி: பண்ருட்டியிலிருந்து எழுதுகிறேன். நிறைமாதத்தில் பிறந்த எங்கள் பெண் குழந்தைக்கு 4-ஆம் நாள் ஈசிஜி எடுத்தார்கள். ‘இதயத்தின் வலது கீழறை தடித்துள்ளது, அசாதாரணம்’ என்ற பொருளில் இயந்திரமே அச்சடித்திருக்கிறது. 33 வாரத்தில் பிறந்த என் நாத்தனார் குழந்தைக்குக்கூட இப்படி வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்கிறார்.

பதில்: முதலில் தாளின் மேல் பக்கத்தைப் பாருங்கள். வயது போடும் இடம் காலியா? காலியாக விட்டால் பல இயந்திரங்கள் பெரியவர்கள் கணக்கில்தான் படிக்கும். அப்புறம் ‘அசாதாரணம்’ என்று வராமல் என்ன வரும்? நிமிடத்துக்கு 140 துடிப்பு நமக்கு வந்தால் படபடப்பு; அவளுக்கு அது சாதாரணம். இயந்திரம் வாங்கக் காசு இருக்கிறது, தாளைப் படித்துக் கையெழுத்துப் போட மட்டும் ஆள் கிடைப்பதில்லை. அப்படியே கையில் திணித்து அனுப்பிவிடுகிறார்கள்.

வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை. உடம்புக்கு ரத்தம் தள்ளுவதில் பெரும்பங்கு வலது கீழறைக்கு. அதனால் நிறைமாதக் குழந்தைக்கு அந்தச் சுவர் தடித்திருக்கும், ஈசிஜியும் வலது பக்கம் சாயும். சில மாதங்களில் இடது பக்கம் முந்திவிடும். கடைசி வாரங்கள் வயிற்றில் இல்லாத குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சாய்வு குறைவு. கோடுகளும் குட்டை, துடிப்பும் கொஞ்சம் வேகம். அதனால்தான் நாத்தனார் குழந்தையைப் பற்றி இயந்திரம் வாய் திறக்கவில்லை. அதை வைத்து உங்கள் குழந்தையை எடைபோடாதீர்கள்.

ஒன்றை மட்டும் விடக்கூடாது. தாளில் வி1 என்று அச்சான இடம், நெஞ்சின் வலது ஓரத்தில் ஒட்டிய ஒயரின் பதிவு. அதில் ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் வளைவுதான் டி அலை. அது முதல் சில நாட்கள் மேல்நோக்கி இருக்கலாம். ஒரு வாரத்துக்குள் அது கீழ்நோக்கித் திரும்பிவிட வேண்டும். பிறகு பல வருடம் அப்படியே இருக்கும். வாரம் தாண்டியும் மேல்நோக்கியே நின்றால், வலது கீழறையில் நிஜமாகவே அழுத்தம் கூடியிருக்கிறதா என்று எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்க்க வேண்டும். 4-ஆம் நாள் தாளை வைத்து இதைச் சொல்ல முடியாது. 10-ஆம் நாள் வாக்கில், பிறந்த தேதியைப் பதியச் சொல்லி, பால் குடித்துத் தூங்கும்போது மறுபடி எடுங்கள். அழுதால் கோடு கிறுக்கலாகிவிடும். இரண்டு தாளையும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாசலில் நிற்கிறாரே, அவருக்கு டி அலையும் தெரியாது, வி1-ம் தெரியாது. வண்டி வாடகையிலும் அட்மிஷனிலும் கமிஷன் எவ்வளவு என்பது மட்டும் தெரியும். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓட வேண்டாம். எக்கோ தேவைப்பட்டால் புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மர் இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டிவரும், அது வேறு எரிச்சல்.

ஈசிஜி எப்படி இருந்தாலும் சரி, உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்கும்போதே வியர்த்து மூச்சு வாங்கி மார்பை விட்டுவிட்டாலோ 10-ஆம் நாளுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.