உத்திரத்திலிருந்து ஒரு பேஸ் கிட்டார்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பேஸ் கிட்டார் வாசிக்கும் 18 பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். பெரும்பாலோர் ஆலயப் பாடகர் குழுக்களிலும், சிலர் கோயில் கொடைகளுக்குச் செல்லும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசிக்கிறோம். எங்களில் பலர் வைத்திருப்பது பெங்களூருவில் உள்ள ஒரு சிறிய பட்டறையின் கருவி. எங்களுக்கென 25 கருவிகள் மட்டும் கொண்ட ஒரு சிறப்புப் பதிப்பைச் செய்து தருமாறு அந்தப் பட்டறைக்காரரைக் கேட்க இருக்கிறோம். கருவியின் உடற்பகுதியான பாடியில் சங்கு பதித்த நெல்லையப்பர் கோபுரம், 'பொருநை' என்ற பெயர், வரிசை எண், சான்றிதழ் ஆகியவை வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த இரண்டு பலா உத்திரங்கள் நண்பரிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்தடி நீளம், எட்டுக்கு எட்டு அங்குலம். வீணைக்குரிய மரம் என்பதால் வீணையின் நாதம் கிடைக்கும் என நம்புகிறோம். ஐந்து தந்தியாக இருந்தால் நல்லது. கடிதத்தை எப்படி எழுதலாம்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஐந்து தந்தியைத்தான் பட்டறைக்காரருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியாக வைக்க வேண்டும். நான்கு தந்தி பேஸில் மிகத் தாழ்ந்து ஒலிக்கும் கடைசித் தந்தி, மேற்கத்திய சுரமான ஈ (E). அதன் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41. நம் ஆலயங்களில் கீர்த்தனையை முதியவர்களும் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காகச் சுருதியை இறக்கி ஈ ஃப்ளாட்டிலோ டியிலோ வைக்கும்போது, பாட்டு வந்து இறங்கும் அந்த ஆதார சுரம் நான்கு தந்திக்காரரின் கைக்குக் கீழே போய்விடுகிறது. அவர் ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசித்துச் சமாளிக்கிறார், சபை முழுவதும் பாடி இறங்கும் இடத்தில் அடித்தளம் இல்லாமல் போகிறது. அதற்கும் கீழே, ஏறத்தாழ 31 அதிர்வுள்ள பி (B) என்ற ஐந்தாவது தந்தி இருந்தால் அந்தக் குறை தீரும். வழக்கமான 34 அங்குலத் தந்தி நீளத்தில் பி தந்தி சற்றுத் தளர்ந்து ஒலிப்பதால் பல பட்டறைகள் 35 அங்குலம் வைக்கின்றன. ஆனால் அந்த ஓர் அங்குலம் சிறிய கைகளுக்கு எட்டாமல் போகலாம். ஆகவே 18 பேரும் இரண்டு அளவுகளையும் வாசித்துப் பார்த்து, எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1951இல் பிரிஸிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் கருவிகளைத் திருத்தினார். அந்த பேஸின் பாடி முதலில் பலகையை வெட்டி வைத்ததுபோல் விளிம்போடு இருந்தது. 1954இல்தான் விலாவும் முன்கையும் படும் இடங்களை இழைத்துச் சரிவாக்கினார்கள். ஒரு தயாரிப்பாளருக்கு வாசிப்பவர் தரக்கூடியவற்றுள் பெரியது, தன் உடம்பு எங்கே நோகிறது, தன் பாட்டு எங்கே தடுமாறுகிறது என்ற செய்திதான். புத்தாண்டு இரவு ஆராதனையிலோ கொடை மேடையிலோ மணிக்கணக்கில் நின்று வாசிப்பவர்கள் நீங்கள். இடத்தோள் எப்போது மரத்துப்போகிறது என்பதை எழுதுங்கள்.

கோபுரத்தை விட்டுவிடுங்கள் என்பது என் தாழ்மையான கருத்து. அத்தனை நிலைகளையும் சங்கில் அறுத்துப் பதிப்பதற்கு ஆகும் கூலியில், தந்தியின் அசைவை வாங்கும் காந்தச் சுருளான பிக்கப் நல்லதாக இரண்டு வாங்கலாம். விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதன் இடத்தில் மட்டும் தூத்துக்குடிச் சங்கில் ஒரு வட்டம் போதும், அழகாகவும் இருக்கும். பாடியின் வடிவத்தையும் புதிதாகக் கேட்க வேண்டாம்; வடிவம் மாறினால் அச்சுப் பலகைகளையெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவைச் சில கருவிகள் மட்டுமே சுமக்க நேரும்.

பலாவைப் பற்றி மனம் நோகாமல் கேளுங்கள். வீணையில் குடமும் மேல்பலகையும் அதிர்ந்து காற்றை அசைக்கின்றன. உங்கள் கருவியிலோ தந்தியின் அசைவைக் காந்தச் சுருள்தான் வாங்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகிறது. மரத்தின் பங்கு அதில் மிகச் சிறிது. வீணையின் நாதம் வரும் என்று எழுதினால் விவரம் தெரிந்த பட்டறைக்காரர் உங்களை விவரம் தெரியாதவர்களாக எடைபோட்டுவிடுவார். அந்த உத்திரங்களின் மெய்யான பெருமை வேறு: ஒரு வீட்டைத் தாங்கி நின்று, நம் வெயிலிலும் ஈரத்திலும் அசைந்து முடித்துவிட்ட மரம் அது. இனி எளிதில் முறுகாது. அறுத்தவுடன் மஞ்சளாகத் தெரிந்து, காற்றுப் பட்டு நாளடைவில் தேன் நிறமாகக் கறுக்கும். இந்தக் காரணங்களே போதும். ஃபிரெட் பலகைக்கு ஈட்டிமரம் வேண்டுமென்றால் அதைப் பட்டறைக்காரரே வாங்கட்டும். யாரோ தோட்டத்தில் வெட்டியது என்று நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

25 என்ற எண் எங்கிருந்து வந்தது? பத்தடி உத்திரத்தில் இரண்டடித் துண்டுகள் ஐந்து. ஒவ்வொரு துண்டிலும், அறுப்பும் இழைப்பும் போக, பலகைகள் மூன்று. இரண்டு உத்திரங்களுக்கு முப்பது பலகைகள், இரண்டிரண்டாக ஒட்டினால் பதினைந்து பாடிகள். ஆணித் துளையையும் வெடிப்பையும் கழித்தால் பன்னிரண்டு தேறும் என்பது என் கணக்கு. பன்னிரண்டு என்றே கேளுங்கள். மரம் தீர்ந்ததால் நின்ற எண்ணிக்கையை நாளைக்கு யாரும் கூட்ட முடியாது. வாங்கியவருக்கும் அது நேர்மையான எண்ணாக இருக்கும். 18 பேரில் பன்னிரண்டு பேர் யார் என்பதை, பாதிப் பணத்தை முன்பணமாக உங்களுக்குள்ளேயே ஓரிடத்தில் சேர்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கையொப்பங்கள் மட்டும் உள்ள தாளை நம்பி ஒரு சிறிய பட்டறை தன் நான்கு மாத வேலையை ஒதுக்கிவைக்க முடியாது.

இன்னும் ஒன்றை மறக்காமல் கேளுங்கள். என் முதல் பேஸில், நெக் என்ற கழுத்துப் பகுதியின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் கம்பியான டிரஸ் ராடைத் திருகும் இடம் நெக்கின் அடிப்பக்கத்தில், பாடிக்குள் புதைந்திருந்தது. ஓர் ஐப்பசியில், மூன்று நாள் அடைமழைக்குப் பின், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தைய இரவு நெக் வளைந்து தந்திகள் விரல் நுழையும் அளவுக்கு எழும்பிவிட்டன. தந்தியெல்லாம் கழற்றி, நெக்கைப் பிரித்து, கால் சுற்றுத் திருகி, மறுபடி மாட்டிப் பார்த்து, போதாமல் மீண்டும் பிரித்து, விடியும்வரை அதே வேலையாக இருந்தேன். காலையில் விரல் நுனிகள் வெந்துபோயிருக்க, முதல் பாமாலையை நான் வாசித்த விதம் இன்றும் எனக்கு வருத்தம்தான். ஆகவே நெக்கைக் கழற்றாமலே திருகும்படி, தலைப்பக்கத்தில் அந்த வாய் இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

உத்திரங்களை மில்லுக்குக் கொண்டுபோகுமுன் ஒரு காந்தத்தை நான்கு பக்கமும் ஓட்டிப் பார்த்து, உள்ளே முறிந்து நிற்கும் ஆணிகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ரம்பமும் போகும், பலகையும் போகும். மழைக்கு முன்பே அறுத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், இடையிடையே ரீப்பர் கொடுத்து நிழலில் அடுக்குங்கள். அடுக்கியதும் பலகைகளை எண்ணி, அந்த எண்ணோடு கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.