பேர் வெட்டும் கிராணியா கடவுள்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் இயேசுவை ஏற்று ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்கு முன் சம்சு சாராயம் இல்லாமல் எனக்குப் பொழுது சாயாது. ஏழு வருடம் தொடவில்லை. போன வருடம் அப்பா இறந்த பிறகு மறுபடியும் தொட்டுவிட்டேன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் விழுந்துவிடுகிறேன். நாலு நம்பர் லாட்டரியும் எடுக்கிறேன். எங்கள் பாஸ்டர், "உன் இரட்சிப்பு போய்விட்டது, மறுபடி ஞானஸ்நானம் எடு" என்கிறார். தைப்பிங்கில் வேறு சபைக்குப் போகும் என் மச்சானோ, "ஒரு தடவை இரட்சிக்கப்பட்டவன் எப்போதும் இரட்சிக்கப்பட்டவன்தான், கவலையை விடு" என்கிறார். யார் சொல்வது சரி? போனது போனதுதான் என்றால், இனி குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியை எழுதியது நீங்களா, சம்சுவா? முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்கிற கணக்கு அது. குடிப்பதற்கு வேதாந்தத்தில் காரணம் தேடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன், பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்கிற வருகைப் பதிவுப் புத்தகத்தை மூடிய பிறகு வந்தவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறாது. மூன்று தலைமுறையாக அந்தப் புத்தகத்துக்குப் பயந்து வாழ்ந்த நம் ஆட்களுக்குக் கடவுளையும் கையில் செக்ரோலோடுதான் நினைக்க வருகிறது. உங்கள் பாஸ்டருக்கும் அந்தப் பழக்கம்தான் என்று தோன்றுகிறது.

லூக்கா 15-ஐ எடுத்துப் படியுங்கள். சொத்தை அழித்த இளைய மகன், பன்றி மேய்த்த இடத்திலிருந்து திரும்பும்போது ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான்: "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." அதாவது, செக்ரோலில் பேர் போட்டால் போதும் என்கிறான். ஆனால் அப்பாவைப் பார்த்ததும், பாவம் செய்தேன், மகன் என்று சொல்லத் தகுதியில்லை என்கிறவரைதான் அவன் வாயில் வருகிறது. கூலிக்கார வரி வரவே இல்லை. அதற்குள் அப்பா உடுப்பையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அந்த மகன் கெட்டுத்தான் போனான், அதை அப்பாவே சொல்கிறார்: "மரித்தான்" என்கிறார். ஆனால் பன்றிக்கூட்டத்தின் நடுவிலும் அவன் அந்த வீட்டு மகன்தான்.

உங்கள் பாஸ்டர் எபிரெயர் 6-ஐயும் 10-ஐயும் காட்டியிருப்பார். இரண்டும் கடுமையான பகுதிகள். அவற்றை மழுப்ப மாட்டேன். ஆனால் அங்கே பேசப்படுகிறவன் யார்? ‘மறுதலித்துப் போனவன்', தேவனுடைய குமாரனைக் ‘காலின்கீழ் மிதித்தவன்'. எனக்குக் கிறிஸ்து வேண்டாம் என்று தெரிந்தே உதறியவன். அவன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, என் இரட்சிப்பு போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

இயேசுவின் சீடர் பேதுரு மூன்று தரம் அவரை மறுதலித்தார். அதற்கு முன்பே இயேசு அவரிடம் சொன்னது, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்." விழவே மாட்டாய் என்று சொல்லவில்லை. விழுந்தவனிடமும் ஒழியாமல் இருக்க வேண்டியது எது என்று சொன்னார். என் முடிவும் அதுதான்: விழுவதால் இரட்சிப்பு போகாது, கிறிஸ்துவை உதறினால் போகும்.

இதில் சபைகள் ஒத்துப்போவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. சாவான பாவம் அருளை இழக்கச் செய்யும், குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பக் கிடைக்கும் என்பார்கள் கத்தோலிக்கர். விசுவாசி விழக்கூடும், மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு என்கிறது லுத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க் அறிக்கை. மெதடிஸ்டுகளின் வெஸ்லியும் இழக்கலாம் என்ற பக்கம்தான். இழக்க முடியாது என்று தீர்த்துச் சொன்னது, கால்வின் வழிச் சபைகள் 1618-19-இல் நெதர்லாந்தில் கூட்டிய டோர்ட் சங்கம்.

இத்தனை சண்டையிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இழக்கலாம் என்று சொன்ன பழைய சபைகள் எதுவும் விழுந்தவனுக்கு மறுபடி முழுக்குக் கொடுக்கவில்லை. விசுவாசத்தையே மறுதலித்துவிட்டுத் திரும்புகிறவனுக்குக்கூட மறு ஞானஸ்நானம் கூடாது என்று 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் விதித்தது. அதற்கும் வெகு முன்னால், 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, உயிருக்குப் பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நொவாத்தியன் என்ற மூப்பர். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானும் மற்றவர்களும் ஒப்பவில்லை. மனம் வருந்தித் தவம் செய்யட்டும், பிறகு சேர்ப்போம் என்றார்கள். சிலைக்குப் பலியிட்டவனுக்கே வழி அதுதான் என்றால், அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து குடித்தவனுக்குத் தண்ணீர்த் தொட்டியா?

மச்சானுக்கும் ஒரு வார்த்தை. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று தம் ஆடுகளைப் பற்றி இயேசு சொல்கிற யோவான் 10 வசனத்தை அவர் நம்புவது சரி. நானும் நம்புகிறேன். ஆனால் "கவலையை விடு" என்பது அவருடைய சொந்தச் சரக்கு. டோர்ட் சங்கமே தாவீதையும் பேதுருவையும் பேர் சொல்லிக் காட்டி, அப்படிப்பட்ட பாவங்கள் தேவனைப் புண்படுத்தும், ஆவியைத் துக்கப்படுத்தும், மனச்சாட்சியைக் காயப்படுத்தும் என்றுதான் எழுதியது. பாவத்தைச் செல்லமாக வளர்த்தால் அது மனத்தை மரக்கட்டையாக்கும். எபிரெயர் 3 அதைத்தான் "பாவத்தின் வஞ்சனையினாலே" கடினப்பட்டுப் போவது என்கிறது. உதறுகிறவன் ஒரே நாளில் உதறுவதில்லை. நீங்கள் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் மாதம் மூன்று நாள் அந்தச் சாலையில் லோரி ஓட்டுகிறீர்கள்.

இன்னொன்று. "அப்பா இறந்த பிறகு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருடம் நின்றவன் ஏன் அந்த மாதம் விழுந்தான் என்று பாஸ்டரும் கேட்கவில்லை போலும், மச்சானும் கேட்கவில்லை போலும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த வரிதான். துக்கத்தை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லி அழுதீர்களா?

செய்ய வேண்டியது: நம்பர் கடைக்குப் போகிற காசைச் சம்பள நாளிலேயே வீட்டில் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். குடியை நிறுத்த அரசாங்க கிளினிக்கில் உதவி கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குடித்துவிட்டு லோரியில் ஏறாதீர்கள். அது உங்கள் இரட்சிப்பு சம்பந்தப்பட்டதல்ல, எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவனின் உயிர் சம்பந்தப்பட்டது. விழுந்த நாளில், பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐ வாய்விட்டுப் படித்து அறிக்கையிடுங்கள். அந்தக் கடிதம் விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது.

பிறகு பாஸ்டரிடம் போய் 2 கொரிந்தியர் 2:7-ஐக் காட்டுங்கள். சபை தண்டித்த ஒருவன் "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" அவனை மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார் பவுல். அதைப் படித்த பிறகும் அவர் தொட்டியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "ஏற்கெனவே நனைந்தவன்தான் பாஸ்டர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பற்றிப் பேச அவருக்கு நேரமிருக்குமா என்று கேளுங்கள்.